நான்கு திருகாணியும் வெள்ளிக்கோலும்

காலை ஒன்பது மணிக்கே மாடிப்படி முழுக்கக் கணினிப் பெட்டிகள். சிலர் இடுப்பில் வைத்திருந்தார்கள், சிலர் மடியில் கிடத்தியிருந்தார்கள். ஒருவர் தன்னுடையதற்குக் கோப்பு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். எல்லாரும் படித்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள். கணினியின் சூட்டைக் கோலால் தொட்டே இறக்கும் குளிர்ச்சியார் இன்று கார்ட்டூன் கம்பெனிக்கு எழுந்தருளுகிறார் என்றால் சும்மாவா?

கார்ட்டூன் கம்பெனி முதலாளிக்குச் சட்டைப்பை கனத்தது. உள்ளே ஒரே ஒரு கடிதம்தான். வண்ணம் தீட்டும் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம்.

பாவம், அவள் என்ன செய்தாள்? போன தடவை குளிர்ச்சியார் வந்தபோது சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். "இது மின்சாரச் சூடு இல்ல, பார்வைச் சூடு" என்று அவளைக் கைநீட்டிக் காட்டிவிட்டார் அந்த மகான். அன்று முதல் அவள் நாற்காலி அறைக்கு வெளியே நடைபாதைக்குப் போனது. இன்று பூஜை முடிந்ததும் ஆளே போய்விட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு கணினியும் கருகிவிடுமாம். படத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைத்தாக வேண்டிய மனிதர் என்ன செய்வார்? யோசிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்.

விஷயம் இதுதான். கணினியின் மூளை ஒரு சின்னச் சில்லு. அது கொதிக்காமல் இருக்க, அதன் தலையில் ஒரு செப்புக் கட்டியை வைத்து, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கி, கட்டிக்குள் தண்ணீர் ஓடவிடுவார்கள். முதலாளியின் ஆறு கணினியிலும் அந்த ஏற்பாடு உண்டு. அப்படியிருந்தும் முதல் கணினி கொதித்து அணைந்தது. குளிர்ச்சியார் வந்து தணித்தார். அடுத்த வாரம் இரண்டாவது. இப்போது மூன்றாவது. நோய் வரிசை தவறாமல் வந்தது.

முதலாளியின் மனைவி டயர்க் கடை நடத்துபவள். அன்று எட்டு மணிக்கே வந்து, ஆறு பெட்டியையும் திறந்து குனிந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"தூசி தட்டுறேங்க."

குளிர்ச்சியார் வந்தார். பச்சை அங்கி, கையில் வெள்ளிக்கோல், தோளில் பெரிய பை. மூன்றாவது கணினியை அணைக்கச் சொன்னார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. திறந்தா சூடு கண்ணுக்குள்ள இறங்கிரும்!"

"தணிக! தணிக!" என்று கூட்டம் முழங்கியது. முதலாளி இமையை மூடியது போதாதென்று கையாலும் பொத்திக்கொண்டார். ஏதோ கிரீச்சென்றது. அது சூடு இறங்கும் சத்தம் என்று பக்கத்தில் ஒருவர் விளக்கினார்.

கண்ணைத் திறந்தார்கள். கணினியைப் போட்டார்கள். தொண்ணூற்றேழு டிகிரியில் கொதித்தது அறுபத்தொன்றில் நின்றது! ஒரு பெரியவர் அழுதேவிட்டார்.

குளிர்ச்சியார் கையில் ஆயிரக்கணக்கில் விலைபோகும் ஒரு நினைவக அட்டை. கணினிக்குள் இருந்து பிடுங்கியது. "மிச்சச் சூடு இதுலதான் ஒளிஞ்சிருக்கு. நான் கொண்டுபோய்க் கழிச்சிடறேன்" என்று பைக்குள் போட்டார். பணத்தைக் கையால் தொடாதவர் அல்லவா! அட்டை போன கணினி ஆமையாய் நகரும். அதற்கு 'தணிந்த நிதானம்' என்று பெயர் வைத்திருந்தார்.

"அடுத்த வாரம் நாலாவது லேசாச் சுடும். பயப்படாம கூப்பிடுங்க."

"நாலாவதுன்னு எப்படிங்கய்யா தெரியும்?" என்றாள் மனைவி.

"ஞானக்கண்ணும்மா."

"எனக்கு டார்ச்தான் இருக்கு" என்று அவள் பெட்டி பெட்டியாக வெளிச்சம் அடித்தாள். "காலைல எல்லாத் திருகாணி மேலயும் நிறமில்லாத நகப்பூச்சு ஒவ்வொரு சொட்டு வச்சேன். திருகினா விரிசல் விடும். மூணாவதுல நாலும் விரிஞ்சிருக்கு. இறுக்கி நேராக்கியிருக்கார். நல்லா இருந்த நாலாவதுல ஒண்ணு மட்டும் விரிஞ்சிருக்கு. தொட்டா ஆடுது. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு."

கூட்டம் குளிர்ச்சியாரைப் பார்த்தது. அவர் அசரவில்லை. "நான் தொடலை. என் கோல் தானாத் திருகும்."

"அப்ப நல்லதாப் போச்சு. கோலை அது மேல வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க. தானா முடுக்கட்டும். நாங்க கண்ணைத் திறந்துக்கிட்டே பாக்கறோம்."

கோல் கிடந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. அதைக் கூச்சப்படுத்தக் கூடாதென்று இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் "தணிக" என்று மெல்ல ஊக்கம் கொடுத்தார். கோல் உருண்டு தரையில் விழுந்தது. வெள்ளி மூடி கழன்று ஓடியது. உள்ளே அசல் திருப்புளி!

குளிர்ச்சியார் படியில் இறங்கிய வேகத்தில் பை கிழிந்து, தெருவெல்லாம் நினைவக அட்டை கொட்டியது. அவரவர் சூட்டை அவரவர் அடித்துப் பிடித்துப் பொறுக்கிக்கொண்டார்கள்.

முதலாளிக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. "அப்ப முதல் கணினி? அவர் வர்றதுக்கு முன்னாடியே சுட்டுச்சே?"

"அதை மாட்டினது யாரு?"

"நான்தான்."

"ஒரு திருகாணியை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனீங்க. கட்டி ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு. டயர் நட்டை அப்படி முடுக்கினா சக்கரம் கோணும். எதிர் எதிர் மூலையா, கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும்" என்றவள், விழுந்த திருப்புளியாலேயே நான்காவதைச் சரிசெய்து காட்டினாள். அதுவும் அறுபதில் நின்றது.

"அக்கா, என்ன மந்திரம் சொன்னீங்க?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"வாய்க்குள்ள உங்களைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

முதலாளி நடைபாதைக்குப் போனார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வண்ணம் தீட்டும் பெண்ணின் முன்னாலேயே கடிதத்தைச் சுக்கலாகக் கிழித்தார்.

"மன்னிச்சிடும்மா. தப்பு என் கையில. பழியை உன் கண்ணுல போட்டுட்டேன். உள்ள வா."

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படியோரம் நின்ற ஒருவர் அவசர அவசரமாகத் தன் கணினியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்மா" என்று இளித்தார்.

அவள் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கணினி சுட்டா அணைச்சு வைங்க சார், தப்பில்ல. கூடவே மூளையையும் ஏன் அணைச்சு வைக்கிறீங்க?"