துரைக்கு நான் சேர்த்த சத்து

யாரும் கேட்காத உதவியைச் செய்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நிற்பவர்கள் சிலர் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு ஆயுள் தலைவி நான்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் பள்ளிபாளையத்தில் கிராம சேவிகாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பயிற்சியில் சத்துணவைப் பற்றி ஆறு வாரம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். (ஆறே வாரம்! என் பேச்சைக் கேட்டால் வைட்டமினையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைப்பீர்கள்.) கஞ்சியை வடிக்காதீர்கள், கீரையை நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள், மாவைப் புளிக்க வைத்தால் சத்தும் கூடும், சீக்கிரம் செரிக்கும் என்று வீடு வீடாகப் போய் உயிரை வாங்கினேன். என் தலை தெரிந்தாலே பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சாத்தாத கதவு ஒன்று இருந்தது. அது பக்கத்து வீட்டு மிஷின் துரையின் வீடு. துரையும் அவர் மனைவி ரூத்தம்மாவும் யூதர்கள். உலக யுத்தத்தின்போது ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்கள். அங்கே விட்டுவந்த சொந்தபந்தத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. நூல் மில்களில் மிஷின் ரிப்பேர் பார்த்தே காலம் தள்ளிய துரை, இந்த ஊர்ப் பேச்சை ஊர்க்காரர்கள் மாதிரியே பேசுவார். சேலத்துக் கத்தோலிக்கப் பெண்ணான என்னையும், இந்தப் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி, 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

பங்குனி வாக்கில் அவர்களுக்குப் பாஸ்கா பண்டிகை வரும். அடிமைப்பட்டுக் கிடந்த தேசத்தை விட்டு அவசரமாகக் கிளம்பிய முன்னோர்கள், மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் ரொட்டி சுட்டு எடுத்துப் போனார்களாம். அதை நினைத்து எட்டு நாளைக்குப் புளித்த மாவு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அந்த ரொட்டியை வருஷா வருஷம் துரையே சுடுவார். அந்த வருஷம் வயிற்றில் கட்டி வந்து படுத்துவிட்டார். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ரூத்தம்மாவோ கிணற்றடியில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தார். துரை ஆசையாகக் கேட்டது அந்த ரொட்டி ஒன்றைத்தான். நான் சுட்டுத் தருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

மாவைக் கொடுக்கும்போது ரூத்தம்மா இரண்டு முறை சொன்னார். கோதுமையைக் கழுவாமல், ஈரமே படாமல் அரைத்த மாவு. வீட்டில் இருப்பது இவ்வளவுதான். தண்ணீர் விட்டதிலிருந்து கால் மணி நேரத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

தலைதான் ஆடியது. கழுவாத கோதுமை, ஊறாத மாவு, அதுவும் வயிற்று நோயாளிக்கா? அப்புறம் நான் படித்த படிப்பு எதற்கு? காலையிலேயே மாவில் இரண்டு கரண்டி இட்லி மாவை விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வெயிலில் வைத்தேன். (ஞாயிறுதோறும் கோயிலில் நாக்கை நீட்டி நான் வாங்கும் நற்கருணை அப்பமும் புளிக்காத மாவுதான். ஞானோபதேச வகுப்பில் அதைச் சொல்லிப் பரிசு வாங்கிய புத்திசாலி நான்.) சாயங்காலம் மாவு பாத்திரத்தை விட்டு எட்டிப் பார்த்தது. சுட்ட ரொட்டி ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் கன்னம் மாதிரி உப்பியிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் எடுத்துப் போனேன். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அவித்த முட்டை, காரத்துக்குத் துருவிய முள்ளங்கி, பேரீச்சம்பழமும் முந்திரியும் அரைத்த விழுது எல்லாம் வைத்திருந்தார்கள். நடுவில் ரொட்டிக்கென்று ஒரு தட்டு. துரை சலவைச் சட்டை போட்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் மூடியிருந்த துணியை எடுத்தேன். துரை ரொட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார். அது அமுங்கி எழுந்தது.

"என்ன சாமி போட்டே?"

"இட்லி மாவுங்க, ரெண்டே கரண்டி. உங்களுக்குச் செரிக்கணும்னுதான்."

ரூத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரை மட்டும் சிரித்தார்.

"வாசம் நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா இன்னைக்கு இது இந்த ஊட்டுக்குள்ள ஆகாது. அழுகாதே. அடுத்த வருசம் நானே பக்கத்துல உக்காந்து சொல்லித் தாரேன்."

நான் தலையாட்டினேன்.

வேறு மாவு இல்லை. ரொட்டி முழுவதையும் என் கையாலேயே தெருமுனையில் கட்டியிருந்த எருமைக்குப் போட்டேன். திரும்பி வந்து வாசலில் நின்றேன். உள்ளே வெறும் தட்டைத் துணியால் மூடிவைத்து, துரை மெல்லிய குரலில் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். அந்தக் குரலைக் கேட்டுத் தாங்க முடியாமல் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

சித்திரை முடிவதற்குள் துரை போய்விட்டார். ரூத்தம்மா பம்பாய்க்குப் போனார். அப்புறம் ஒரு சேதியும் இல்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து ரசத்தில் நான் ஒரு கொத்தமல்லித் தழை கூடப் போட்டாலும், "சத்து சேத்துட்டியா?" என்பார். இப்போது பேரன் பேத்திகளும் அதையே கேட்கிறார்கள். உப்பின ரொட்டி, எருமைக்கு வந்த யோகம் என்று கதை அதோடு முடியும். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

துரை அடுத்த வருஷம் என்று சொன்னதை மட்டும் இத்தனை நாளும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்கும் தெரியும், ரூத்தம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தேதான் மூன்றாவது முறையும் தலையாட்டினேன்.