சாமியாருக்கு எர்த்து எங்கே?

தர்மபுரி மாவட்டத்தில் ஓடிய எந்த விண்வெளிப் படத்திலும் எர்த்து அண்ணனின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சாமியார்கூடக் காற்றில் மிதந்ததில்லை. அப்படியே மிதந்தாலும், ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைத் தரையில் இறக்கிவிடுவார் அண்ணன்.

பாலக்கோட்டில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை அவருடையது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். 'எர்த்து' என்ற பெயரை அவருக்கு வைத்தது தர்மபுரித் தியேட்டர் ஒன்றின் மொத்த ஜனமும்.

அப்போது பாகம் பாகமாக வந்துகொண்டிருந்த ஒரு மொழிமாற்றப் படம் எங்கள் பக்கம் சக்கைப்போடு போட்டது. தூரத்துக் கிரகத்தில் சில சாமியார்கள். கையை நீட்டினால் பாறை நிற்கும், கப்பல் எழும்பும். முதல் பாகத்தின் உச்சக்காட்சியில் ஒரு சாமியார் முட்டியளவு தண்ணீரில் நின்றுகொண்டு விரலிலிருந்து மின்னலை விட்டார். எதிரி எரிந்தான். தியேட்டர் விசிலடித்தது. அண்ணன் மட்டும் எழுந்து நின்று கேட்டார்:

"டேய், எர்த்து எங்கடா குடுத்திருக்கான்? தண்ணியில நின்னுக்கிட்டு கரண்ட்ட உடுறான். மொத சாவு அவனோடதுதான."

மீதிப் படத்தை யாரும் பார்க்கவில்லை, சிரித்தே முடித்தார்கள்.

நான் அப்போது அந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். நியாயப்படி நான் அண்ணன் கட்சியில் இருந்திருக்க வேண்டும். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் விதிகளைக் கரைத்து ஊட்டுகிறவனுக்கு, விதி இல்லாத ஒரு இடமாவது வேண்டாமா? 'சக்தி என்றால் சக்திதான், விளக்கம் கேட்கக் கூடாது' என்பது என் கட்சி. என் வாழ்நாளில் நான் தலைவராக இருந்த ஒரே கட்சியும் அதுதான். தொண்டர், தக்காளி வண்டி ஓட்டும் முருகேசன். யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் அவர் அந்தக் கட்சி.

ஞாயிறுதோறும் கடையில், வார்னிஷ் வாசனைக்கு நடுவே, விவாதம் நடக்கும்.

"சார், அந்தக் கப்பலு எத்தன டன்னு இருக்கும்? அதத் தூக்குனா அந்தாளு காலு தரையில பொதையணுமா வேணாமா?"

"அது தியானம்ங்கண்ணா. அதுக்கெல்லாம் எடை கிடையாது."

"செரிங்க. அப்ப நீங்க தியானம் பண்ணுங்க. நூறு கிராம் கொறஞ்சாலும் நான் உங்க சிஷ்யன்."

மறு வாரமே முருகேசன் மண்டியிலிருந்து தக்காளித் தராசைக் கொண்டுவந்துவிட்டார். மோட்டாரோடு வந்திருந்த விவசாயிகள் முன்னால் அரைமணி நேரம் அதன் மேல் கண்மூடி உட்கார்ந்தேன். நடுவில் முருகேசன் டீயும் இரண்டு போண்டாவும் கையில் வைத்தார், மறுக்க மனமில்லை. எழுந்தபோது முந்நூறு கிராம் கூடியிருந்தது. தியானத்தில் எடை போட்ட ஒரே யோகி என்று என்னைப் பற்றி மண்டி முழுக்கப் பேச்சு.

இந்த விவாதங்களின் நடுவே அண்ணன் தொழிலையும் விடமாட்டார். எரிந்த மோட்டாரோடு யார் வந்தாலும் முதல் கேள்வி, "போருல எத்தன இஞ்சு தண்ணி?" எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை இஞ்சுக் கணக்கில்தான் சொல்வார்கள். அதாவது, சொல்லமாட்டார்கள். மூன்று இஞ்சு பீறிட்டு அடிக்கிறவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எங்கீங்க, வெறும் ஈரந்தானுங்க" என்பார். உண்மையைச் சொன்னால் மறுநாளே பக்கத்துக் காட்டுக்காரர் போர் போடுகிற ரிக் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார் என்ற பயம். 'ஈரம்' என்று சொன்னால் அண்ணன் மூன்று இஞ்சுக்குத் தகுந்த மாதிரி காயில் கட்டுவார். ஒரு தடவையும் தப்பியதில்லை.

மூன்றாம் பாகத்தில் என் கட்சிக்குக் கெட்டகாலம் வந்தது. சாமியார்களின் சக்திக்குக் காரணம் சொல்லிவிட்டார்கள். அந்தக் கிரகத்து ஆழ்கிணறுகளில் ஏதோ ஒரு உப்பாம். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் எலும்பில் அது சேர்ந்துகொள்ளுமாம். சக்தி அங்கேதான் இருக்கிறதாம். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சார். போர் தண்ணி சார்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குழாயில் காவிரித் தண்ணீர் வருவதற்கு முன்பு போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை அண்ணனுடையது. பல்லெல்லாம் பழுப்புக் கோடு. கழுத்து திரும்பாது, யாரையாவது பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்புவார். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். கல்யாணப் போட்டோவில்கூட வாயை இறுக்கிக்கொண்டு, கோர்ட்டில் நிற்கிறவர் மாதிரி நிற்பார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவருடைய முழுச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் பார்த்தேன். "அந்த உப்புக்கே அவ்வளவு பவருன்னா, அப்ப நாமெல்லாம் யாரு சார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கை மடியிலேயே இருந்தது.

அடுத்த ஒரு மாதம் கடை கடையாக இல்லை. அண்ணன் ஓடுகிற மோட்டாரை நோக்கிக் கையை நீட்டுவார், அது நிற்கும். சுவிட்சைக் காலால் அணைத்தது எல்லோருக்கும் தெரியும். அதைவிட, அவர் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. தோற்றுப்போன தலைவன் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, சாக்பீஸை எடுத்து ஷட்டரில் எலும்பின் படத்தை வரைந்தேன். ஃப்ளோரைடு என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அது எலும்பில் சேர்ந்தால் சக்தி வராது, விறைப்புதான் வரும் என்றேன். அத்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். "உங்க கழுத்து திரும்பாததுக்கு அதுதான் காரணம்ங்கண்ணா, பல்லு இப்படி ஆனதுக்கும் அதுதான்" என்று உதாரணமும் காட்டினேன்.

அண்ணனின் கை மெல்ல வாய்க்குப் போனது.

"செரிங்க சார். வாத்தியாரு சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காயில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் முருகேசன் சொன்னார்: "புள்ளைங்க உங்க வகுப்புல ஏன் தூங்குதுன்னு இப்பத்தான் புரியுது சார். முழிச்சிருந்தா இப்படித்தான் வலிக்கும்போல."

நான் வென்ற ஒரே விவாதம் அது. அதற்குப் பிறகு அண்ணன் எந்தச் சாமியாரிடமும் எர்த்து கேட்கவில்லை. போனால் டீ வாங்கித் தருவார், மழை வருமா என்று பேசுவார். மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. எதற்கென்று கேட்பது? பாடம் சரியாகத்தானே நடத்தினேன்?

நான்காம் பாகம் வந்தபோது முருகேசன்தான் அவரைப் பகல் காட்சிக்கு இழுத்து வந்தார். கிழட்டுச் சாமியார் ஒருவர் கிணற்றங்கரையில் உட்கார்ந்து, வெளியூர் ஆட்களிடம் சொன்னார்: "உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அதெல்லாம் கட்டுக்கதை. சக்திக்குக் காரணமே கிடையாது." தியேட்டரில் என் கட்சிக்காரர்கள் விசிலடித்தார்கள். நான் நியாயமாக நாற்காலி மேல் ஏறியிருக்க வேண்டும். பக்கத்தில் பார்த்தேன். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனாலும் கை வாய்மேல் இருந்தது.

பஸ் தர்மபுரியைத் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"அந்தக் கிழவன் பொய் சொல்றான்ங்கண்ணா."

அண்ணன் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"வந்தவங்க யாரு? வெளியூர்க்காரங்க. தண்ணியிலதான் சக்தி இருக்குதுன்னு சொன்னா என்ன ஆவும்? மறுநாளே ரிக் வண்டி வந்து நின்னுடும். அதான் ஒண்ணும் இல்லங்கறான்."

முருகேசன் முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "அட, ஆமா. வெறும் ஈரந்தானுங்கன்னு சொல்றான்."

"அதேதான். அவன் அவ்வளவு அழுத்திச் சொல்றதப் பாத்தா மூணு இஞ்சுக்குக் கொறையாதுங்கண்ணா. பின்னாடி அவன் குடிக்கிற கொடங்கூட இருந்துச்சே, பாக்கலியா?"

அண்ணன் உடம்போடு என் பக்கம் திரும்பினார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"கொடம் இல்லீங்க சார். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

பொய்யும் ஒழுங்காகச் சொல்ல வராத வாத்தியார் நான். இரண்டு ஸ்டாப் போனது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தக்காளித் தோட்டங்களைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் முழு உடம்போடு திரும்பினார்.

"வெளியூர் ஆளுங்க வராங்கன்னு கொடத்த மறச்சு வெச்சிருப்பான், சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பழுப்புக் கோடு போட்ட பற்கள் அத்தனையும் தெரிய, கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கை மடியிலேயே இருந்தது.

இப்போது நான் தொப்பூர்ப் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். ஐந்தாம் பாகம் வருகிறதாம், டிக்கெட் எடுத்தாயிற்று என்று நேற்று அண்ணன் போன் செய்தார். இந்தத் தடவை படம் எடுத்தவர்கள் என்ன சொல்லப் போகிறார்களோ தெரியாது. யார் என்ன சொன்னாலும் நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன், அங்கே ஒரு குடம் இருந்தது.