டொக்கக்கா தட்டிப் பார்த்த கூலி

சந்தேகப்படுவதில் டொக்கக்காவை மிஞ்ச சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாவிலும் ஆள் கிடையாது. மூன்றாவது ஜில்லாவில் ஒருத்தர் இருக்கிறார் என்று நீங்கள் சொன்னால், அக்கா அதையும் நம்பமாட்டாள். "நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்பாள்.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு சின்னக் கோழிப்பண்ணையில் அப்போது நான் சூப்பர்வைசராக இருந்தேன். சின்னது என்றால் எங்கள் பக்கத்துக் கணக்குக்குச் சின்னது. இரண்டே கொட்டகை. கோழிகளை முதலாளியும் அவர் சம்சாரமும் பார்த்துக்கொள்வார்கள். முட்டைகளைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்க ஐந்து பெண்கள். அவர்களில் மூத்தவள் டொக்கக்கா. யார் எத்தனை அட்டை அடுக்கினார்கள் என்று நோட்டில் எழுதி, லாரியில் ஏற்றிவிடுவது என் வேலை. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது பண்ணையே என் தலையில்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பேர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முட்டைகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று லேசாகத் தட்டவேண்டும். நல்ல முட்டை என்றால் 'டிங்' என்று சன்னமாகக் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொக்' என்று மட்டமாகக் கேட்கும். ஐந்து பேரும்தான் தட்டுவார்கள். ஆனால் கீறலைக் கண்டுபிடித்ததும் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி "டொக்கு" என்று அறிவிப்பது அக்கா ஒருத்திதான். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அந்தக் குரலில் இருக்கும். நிஜப் பேர் என்ன என்று யாராவது கேட்டால், "எதுக்குங்க?" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

முட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் தட்டுவாள். புது வாளி, தண்ணீர்க் குழாய், என் ஹெல்மெட், கொட்டகைத் தூண் எதுவும் தப்பாது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, காலில் விழுந்து எழுந்த பையனை ஆசீர்வாதம் பண்ணுகிற சாக்கில் தலையில் இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டாள் என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் கல்யாணம் நடந்தது. ஆகவே டிங் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்க் கிணறு தோண்டியவர். அந்த இரைச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. காது போனதும் வேலையும் போனது. வீட்டில் வருமானம் என்றால் அக்காவின் கூலி ஒன்றுதான். அவருக்குக் கேட்க வேண்டியதையும் சேர்த்து இவளே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

கூட வேலை செய்கிறவர்கள் மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. முட்டையை அட்டையில் அடுக்கும்போது கூர்நுனி கீழே போகவேண்டும், அகன்ற பக்கம் மேலே நிற்கவேண்டும். அக்கா மட்டும் தன்னுடைய ஒவ்வொரு அட்டையிலும் வலது மூலையில் ஒரு முட்டையைத் தலைகீழாக, கூர்நுனி மேலே நிற்கும்படி வைப்பாள்.

"எதுக்குங்கக்கா இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நா எந்திரிச்சு அக்கட்டப் போனா, இவளுக அவளுக அட்டைய எம்பக்கம் தள்ளிட்டு, என்ற அட்டைய எடுத்துக்குவாளுகங்க."

"எடுத்து என்ன பண்ணப் போறாங்க?"

"அது தெரிஞ்சா நா எதுக்குங்க சந்தேகப்படறேன்?"

எங்கள் பக்கம் பெரியவரோ குழந்தையோ, பிரியம் இருந்தால் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா அந்த நான்கு பெண்களோடு சண்டை போடும்போதுகூட "ஏஞ்சாமி இப்படிப் பண்ற" என்றுதான் ஆரம்பிப்பாள். சீக்குக் கோழியைச் சாமி என்பாள். என்னை மட்டும் "சூப்பர்வைசருங்க" என்பாள். நான்கு வருஷம் அப்படியே போனது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கூலி ரொம்பக் குறைவு. அதைச் சரிக்கட்டுகிற மாதிரி ஒரு வழக்கம் இருந்தது. டொக் என்று கேட்ட முட்டைகளைச் சாயங்காலம் பெண்கள் பங்கிட்டு வீட்டுக்கு எடுத்துப்போகலாம். முதலாளிக்கு இதில் தீராத சந்தேகம். "சனிக்கெழம ஆனா எங்கோழிக்கு மட்டும் ஓடு மெலிஞ்சு போவுது பாத்தியா தம்பி" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை என்று விருந்தாளிகள் வருகிற வீடுகளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கீறல் விழுந்தது என்பது எனக்கும் தெரியும். நான் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் உயர்த்தியது. முதலாளி அந்த அறிவிப்பை என்னிடம் கொடுத்து, சுவரில் ஒட்டச் சொன்னார். நான்கு பெண்களுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. ஒருத்தி அங்கேயே நின்று மிக்ஸி வாங்குவதா, பையனுக்கு டியூஷன் சேர்ப்பதா என்று யோசிக்க ஆரம்பித்தாள். டொக்கக்கா கிட்டே போய், அந்தக் காகிதத்தின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"டொக்கு" என்றாள்.

"அக்கா, அது செவுருங்க."

"செவுரு நல்லாத்தான் இருக்குதுங்க. பேப்பருதான்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒரு பக்கம் ஏத்துனா இன்னொரு பக்கம் எறக்கோணுமுங்க. எந்தப் பக்கம்னுதான் தெரியல."

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அவர் நிலைமையும் இடுக்கில்தான் இருந்தது. டீ குடிக்கும்போது என்னிடம் புலம்புவார். "கூலி இவ்வளவுன்னு கவர்மெண்டு சொல்லுது. தீவன வெல இவ்வளவுன்னு மில்லுக்காரஞ் சொல்றான். முட்டை வெல இன்னிக்கு இவ்வளவுன்னு எங்கியோ உக்காந்து எவனோ சொல்றான். நா சொல்லறதுக்கு என்ன தம்பி இருக்குது? கோழிகிட்டப் போயி எச்சா ரெண்டு முட்டை போடுன்னு வேணா சொல்லலாம்."

கூலியை ஏற்றிக் கொடுத்தார். பாங்குக் கணக்கில் போட்டார். அக்கா ஏ.டி.எம்.முக்குப் போய், பணம் வந்த பிறகும் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதில், பின்னால் நின்ற ஆள் வாட்ச்மேனைக் கூப்பிட்டுவிட்டார். பணம் சரியாக இருந்தது. மறுநாள் அக்கா வேலைக்கு வந்தபோது முன்னைவிடக் கவலையாக இருந்தாள்.

அந்த வாரமே இன்னொரு பக்கம் தெரிந்துவிட்டது. கீறல் முட்டை இனிமேல் பேக்கரிக்கு, யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்றார் முதலாளி. ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை அட்டை அடுக்கியாக வேண்டும் என்றார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆறு பேருக்கு இந்தக் கூலி எனக்குக் கட்டுபடி ஆவாது தம்பி. ஒரு ஆளக் கொறைக்கோணும். மாசக் கடைசிக்குள்ள யாருன்னு நீயே பாத்துச் சொல்லு."

பெண்கள் ஐந்து பேர்தானே, ஆறு என்று ஏன் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அக்காவாக இருந்திருந்தால் உறைத்திருக்கும்.

புது ஏற்பாடு ஆரம்பித்ததும் பண்ணையில் ஓர் அதிசயம் நடந்தது. கீறல் முட்டையே இல்லாமல் போய்விட்டது. நான்கு பெண்களும் மின்னல் வேகத்தில் அட்டையை நிரப்பினார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, ஓசி இல்லீன்னதும் ஒடசலும் இல்ல. இத்தன வருஷம் வேணும்னே ஒடச்சிருக்காளுக."

அக்கா மட்டும் பழையபடி இரண்டிரண்டாக எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். "டொக்கு" என்ற குரல் அவளிடமிருந்து மட்டும் வந்தது. அட்டைக் கணக்கில் தினமும் அவள்தான் கடைசி.

"சூப்பர்வைசருங்க, ஒடசலெல்லாம் எங்க போச்சுங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "கூலி ஏத்துனதப் படிச்சுப்போட்டுக் கோழி ஓட்டக் கெட்டியாப் போடுதுங்களா?"

"நீங்க கையை வேகமா ஆட்டுங்கக்கா. அது போதும்" என்றேன்.

கேட்ட கேள்வி நல்ல கேள்வி. எனக்குத்தான் அதைக் கேட்கிற காது இல்லை. நோட்டைப் பார்த்தேன், கடைசியில் இருந்த பேரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். 'டொக்கக்கா' என்றுதான் எழுதினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் கூலியில் மட்டுமே எரிகிற அந்த வீட்டு அடுப்பு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தும் எழுதினேன்.

மறுநாள் காலையில் அக்கா என் எதிரில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "சட்டப்பையில என்னமோ டொக்குங்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் காகிதத்தை முதலாளியிடம் கொடுக்கப் போனபோதுதான் அவருக்குச் சேலத்திலிருந்து போன் வந்தது. எங்கள் முட்டையை எடுக்கிற வியாபாரி பாய். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, உங்க லோடு வழியிலேயே ஆம்லெட் ஆயிடுச்சு. பாதி அட்டை ஒட்டிக்கிட்டு வருது. கடைக்காரங்க எடுக்க மாட்டேங்கறாங்க."

முதலாளி முதலில் டிரைவரைச் சந்தேகப்பட்டார். பிறகு ரோட்டைச் சந்தேகப்பட்டு, ஆட்டையாம்பட்டி வரைக்கும் பைக்கில் போய் வேகத்தடைகளை எண்ணிக்கொண்டு வந்தார். பிறகு கோழிகளைச் சந்தேகப்பட்டு, ஓடு கெட்டியாகத் தீவனத்தில் கிளிஞ்சல் தூளை அதிகமாகக் கலந்தார். நான் துண்டுக் காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அவர் பின்னால் சுற்றினேன். அடுத்த லோடும் அப்படியே ஒழுகியது.

பாய் மறுபடி போன் பண்ணினார். இந்தத் தடவை அவர் குரலிலும் சந்தேகம் இருந்தது. "இன்னொரு லோடு இப்படி வந்தா நான் வேற பண்ணை பாத்துக்கறேண்ணே. ஆனா ஒண்ணு கேக்கணும். சில அட்டைல மூலைல ஒரு முட்டை தலைகீழா நிக்குது. அந்த அட்டைல மட்டும் ஒண்ணுகூட ஒழுகல. அது வேற பண்ணை முட்டைங்களா? வெளிய வாங்கிக் கலக்கறீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். "அது டொக்கக்கா அட்டைங்க" என்றேன்.

அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னாள்: "ஒடசல் எங்களுக்குன்னு இருந்தாத்தானுங்க தேடுவோம். பேக்கரிக்காரனுக்கு எதுக்குங்க இவளுக காதத் தீட்டோணும்? அட்ட கணக்கு வேற முடிக்கோணும். தட்டறதையே உட்டுட்டாளுகங்க. ஒடசல் பூராம் லாரியில போயிருச்சு."

"ஏம்மா, நீ இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"தட்டறத நீங்களே உட்டறச் சொல்லிட்டீங்களோன்னு ஒரு சந்தேகமுங்க" என்றாள்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். சட்டப்படியான கூலி அப்படியே இருக்கும். ஒடசல் பழையபடி அவர்களுக்கே. அட்டைக் கணக்குக் கெடுபிடி கிடையாது. ஆனால் ஐந்து பேரும் ஆளுக்கொரு இடத்தில் ஒரு முட்டையைத் தலைகீழாக வைக்கவேண்டும். ஒருத்தி இடது மூலை, ஒருத்தி நடுவில், இப்படி. எந்த அட்டை ஒழுகினாலும் அடுக்கியது யார் என்று பாய் சேலத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

பெண்கள் கலைந்து போனதும் என் தோளில் கை போட்டார். "கோவிச்சுக்காத தம்பி. யாரு அடுக்குனதுன்னு முட்டையே சொல்லிப்போடுது. அப்பறம் நோட்டுல எழுத ஒரு ஆளு எதுக்கு?"

கூலி உயர்ந்ததில் அந்தப் பண்ணையில் வேலை போனது ஒரே ஒருத்தனுக்கு. அவனுடைய வேலையை ஒரு தலைகீழ் முட்டை பிடுங்கிக்கொண்டது. இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வேகுவேகென்று வந்தாள். கையில் ஓர் அட்டை முட்டை. மேலே வெறும் அட்டையைக் கவிழ்த்துச் சணலால் கட்டியிருந்தாள்.

"ஒடசலுங்களா?" என்று கேட்டேன். அன்றைக்கு நானும் சந்தேகப்படக் கற்றுக்கொண்டிருந்தேன்.

"வெல குடுத்து வாங்குனதுங்க. ஏத்துன கூலியில."

எனக்கு அதை வாங்கக் கை வரவில்லை. சட்டைப்பையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். "இதுல உங்க பேர எழுதி வெச்சிருந்தேனுங்கக்கா. நாந்தான் எழுதுனேன்."

"தெரியுமுங்க" என்றாள். காகிதத்தை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கசக்கிப் போட்டாள். பிறகு வெறுமையாகிவிட்ட என் சட்டைப்பையின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்தாள்.

"இப்பச் சரியா இருக்குது. பாத்துப் போய்ட்டு வா சாமி" என்றாள்.

இப்போது நான் சூரமங்கலத்தில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கடையில் முட்டை வாங்கிவந்தால் இரண்டிரண்டாகத் தட்டிப் பார்த்துத்தான் ஃப்ரிட்ஜில் அடுக்குவேன். வலது மூலையில் ஒன்றை மட்டும் தலைகீழாக நிறுத்திவைப்பேன். எதற்கு என்று என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். அக்கா வந்து பார்த்தால் இது அவளுடைய அட்டை என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.