சித்தப்பா பேசி முடித்த சம்பளம்

அன்று கரோல் பாகில், நல்லசிவத்தின் மாடி அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேஜைக்கு அந்தப் பக்கம், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் நல்லசிவம். இந்தப் பக்கம் சேஷன். அவனுக்குப் பக்கத்தில் அவன் சித்தப்பா ஜம்பு, மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பச்சைமுத்து. படிக்கட்டுத் திருப்பத்தில், மேலே வரக் கூடாது என்ற நிபந்தனையோடு, சேஷனின் மனைவி அனந்தலக்ஷ்மி. வேறு யாரும் இல்லை. ஜம்பு அந்த ஏஜெண்டிடம் காசு வாங்கினார் என்று லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொள்கிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அதனால்தான் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது இரண்டாவது சந்திப்பு. காரியம் முதல் சந்திப்பிலேயே கெட்டிருந்தது.

சேஷன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். ஏஷியாட் விளையாட்டுக்காக டெல்லி முழுவதும் மேம்பாலம் எழும்பிக்கொண்டிருந்த சமயம்; வரைகிறவர்களுக்கு நல்ல கிராக்கி. ஆனால் அவன் கம்பெனியின் ஆள் இல்லை, நல்லசிவத்தின் ஆள். கம்பெனி நல்லசிவத்துக்குக் கொடுக்கும். அவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு சேஷனுக்குக் கொடுப்பார். ஜூன் மாதம் ஒப்பந்தம் முடியும். புதுப்பிக்கும்போது கேட்டால்தான் சம்பளம் ஏறும்.

கேட்பதில்தான் சிக்கல். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் சம்பளம் கேட்டதில்லை. எல்லாரும் சர்க்கார் உத்தியோகம்; கேட்காமலே வருஷா வருஷம் இன்கிரிமெண்ட் வந்தது.

"கையேந்தற பழக்கம் நமக்கு இல்லைடா," என்றார் ஜம்பு.

"குவார்ட்டர்ஸை அடுத்த மாசம் காலி பண்ணணுமே, சித்தப்பா?"

லோதி ரோடு குவார்ட்டர்ஸ் ஜம்புவின் பெயரில் இருந்தது. ஓய்வு பெற்றவரைச் சர்க்கார் அதற்கு மேல் இருக்க விடாது. அவருடைய பென்ஷன் காகிதங்கள் இன்னும் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தன. முனிர்காவில் இரண்டு அறை பார்த்து வைத்திருந்தார்கள். சேஷன் அப்போது வாங்கிய சம்பளத்தில் அந்த வாடகையைக் கொடுத்தால் அடுப்பு எரியாது.

"நீ வாயைத் திறக்காதே. நான் வந்து பேசறேன்," என்றார் ஜம்பு.

பேச்சில் அவருக்குப் பெயர் உண்டு. குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசினாலும் அவர்தான் முன்னால் உட்காருவார். ஒரு தம்ளர்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. "எங்களுக்கு எதிர்பார்ப்பு ஒண்ணும் கிடையாது. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்கோ" என்பார். வந்த வெள்ளிப் பாத்திரங்களுக்கு அலமாரி போதாது.

"எங்கப்பா அப்படித்தான் கடன்காரர் ஆனார்," என்றாள் அனந்தலக்ஷ்மி, சமையலறையிலிருந்து. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் சந்திப்பில் ஜம்பு குளோஸ் கோட்டோடு போய் உட்கார்ந்தார். நல்லசிவத்தின் சொந்த ஊர், அவர் தகப்பனார், தகப்பனாரின் தொழில் எல்லாவற்றையும் விசாரித்தார். தட்டில் வைத்த பர்பியைத் தொடவில்லை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் பேச்சு முடியாமல் கை நனைப்பது வழக்கமில்லை.

கடைசியில் நல்லசிவமே கேட்டார். "சம்பள விஷயமா என்ன எதிர்பாக்கீக, சார்?"

"எங்களுக்கு எதிர்பார்ப்பு ஒண்ணும் கிடையாது."

"நெசமாவா?"

"உங்க ஆளுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்கோ."

நல்லசிவம் கண் கலங்காத குறை. "பதினஞ்சு வருசமா இந்தத் தொழில் பாக்கேன், சார். இப்படி ஒரு குடும்பத்தைப் பாத்ததில்ல. அப்ப பழைய சம்பளத்துலயே போட்டிருவோம்."

ஜம்பு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, எதிர்த் தரப்பை வழிக்குக் கொண்டுவரத் தாம் எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "ஆத்துக்குப் போய்க் கலந்து பேசிண்டு லெட்டர் போடறோம்."

அவர் லெட்டர் போடவில்லை. போடாமல் இருந்தால் பெண் வீட்டார் பதறிக்கொண்டு ஓடிவருவது வழக்கம். நல்லசிவம் ஓடிவரவில்லை. அந்த வாரமே கம்பெனியில் சேஷனின் மேலதிகாரி அவனைக் கூப்பிட்டு, "நீ போறியாமே? ஏஜெண்ட் வேற ஆள் அனுப்பறேன்னு சொல்றார்," என்றார்.

"வேலையும் போச்சா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"போகலை. அவா இறங்கி வரப்போறா. இது அதுக்கு முன்னால பண்ற பிகு," என்றார் ஜம்பு.

"பிகு பண்றது அவரா, நாமளா?"

அவளும் வருவதாகப் பிடிவாதம் பிடித்தாள். படிக்கட்டு வரைக்கும் அனுமதி கிடைத்தது.

ஆக, இரண்டாவது சந்திப்பு. ஜம்பு உட்கார்ந்ததும் சொன்னார். "பையனை நாலு எடத்துலேர்ந்து கேட்டுண்டிருக்கா."

சம்பந்தப் பேச்சில் இது பத்து பவுன் ஏற்றிவிடும் வாக்கியம்.

நல்லசிவம் எழுந்து சேஷனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சந்தோசம், தம்பி. நல்லா இருங்க. போற எடத்துல நம்ம பேரைச் சொல்லுங்க. ஏ பச்சைமுத்து, தம்பிக்கு பர்பி எடு."

"அதில்லை, சார்..." என்று ஆரம்பித்த சேஷன், ஜம்பு திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுங்க, தம்பி. என்னமோ சொல்ல வந்தீகளே?"

சேஷன் மறுபடி வாயைத் திறந்தான். ஜம்பு மேல்துண்டைச் சரிசெய்தார். சேஷன் வாயை மூடிக்கொண்டான். நல்லசிவம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் அனந்தலக்ஷ்மி நிபந்தனையை மீறி மேலே வந்தாள்.

"சார், நாலு எடமும் இல்லை, ஒரு எடமும் இல்லை. அடுத்த மாசம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். இந்தச் சம்பளத்துல வாடகை குடுத்தா சாப்பாடு கிடையாது, சாப்பிட்டா வீடு கிடையாது. முந்நூறு ஏத்திக் குடுங்கோ."

"முந்நூறு கட்டாதும்மா. எரநூத்தம்பது."

"சரி."

பச்சைமுத்து ஊற்றிக்கொண்டிருந்த வாளி அதற்குள் காலியாகவில்லை.

"வேற ஆளுன்னேளே, சார்?" என்று சேஷனுக்கு இப்போதுதான் குரல் வந்தது.

"அவனை வேற கம்பெனிக்கு அனுப்பிக்கிடுதேன். உங்க கம்பெனிக்காரன் உங்களைத்தான் வேணுங்கான். நீங்க கேப்பீகன்னுதான் நானும் இத்தன நாளா காத்துக்கிட்டு இருக்கேன். வாயத் தொறக்கணும்லா?"

ஜம்பு எழுந்தார். நல்லசிவம் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி வரைக்கும் வந்தார். ஏதோ தணிந்த குரலில் சொன்னார். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

முனிர்காவுக்குக் குடிபோனார்கள். ஒரு வாரம் ஜம்பு அனந்தலக்ஷ்மியோடு நேருக்கு நேர் பேசவில்லை. "ரசத்துல உப்பு இல்லைன்னு சொல்லு" என்று சேஷன் வழியாகத்தான் பேச்சு. பிறகு தினமும் காலையில் குளோஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

"எங்கே, சித்தப்பா?"

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு ஒத்தாசை. பெரிய மனுஷா பக்கத்துல இருந்தா நன்னாயிருக்கும்னு ஆசைப்படறார்."

வீட்டில் இருப்பதைவிட நல்லது என்று யாரும் மேலே கேட்கவில்லை. கொஞ்ச நாளில் லோதி ரோடு பஸ் ஸ்டாப் வம்பு முனிர்கா வரைக்கும் வந்தது: ஜம்பு ஏதோ ஏஜெண்டிடம் மாசம் ஐந்நூறு வாங்குகிறாராம். சேஷன் நம்பவில்லை.

மறு ஜூன் வந்தது. இந்தத் தடவை சேஷன் தனியாகப் போனான். அனந்தலக்ஷ்மி சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைக் கரோல் பாக் வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டே போனான். படியில் அவனைப் போலவே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் வெங்கடேஸ்வரன் இறங்கி வந்தான்.

"எவ்வளவு ஏத்தினார்?"

"கேக்கத்தான் போனேன். உள்ள ஒரு பெரியவர், எங்கப்பா என்ன பண்றார், தாத்தா என்ன பண்ணினார்னு விசாரிச்சார். அப்புறம் காசைப் பத்திப் பேசவே கூச்சமாப் போச்சு. பழைய சம்பளத்துக்கே கையெழுத்துப் போட்டு, நமஸ்காரம் பண்ணிட்டு வந்துட்டேன்."

சேஷன் மீதிப் படிகளை மெதுவாக ஏறினான். கதவின் திரை கூலர் காற்றில் விலகியது. நல்லசிவத்தின் பக்கத்து நாற்காலியில், குளோஸ் கோட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஜம்பு.

வாசலில் பச்சைமுத்து வாளியோடு நின்றான். "ஏத்திக் கேக்கவா வந்தீங்க, சார்? அவரு வந்ததிலேருந்து இங்க ஒருத்தருக்கும் ஏறல."

சேஷன் அவனை ஓரமாக இழுத்தான். "அப்ப, மாசம் ஐந்நூறு வாங்கறார்னு சொன்னது நிஜந்தானா?"

"யாரு சொன்னது? ஒரு பைசா கிடையாது, சார். என்ன எதிர்பாக்கீகன்னு முதலாளி கேட்டாரு. எதிர்பார்ப்பு ஒண்ணும் கிடையாதுன்னுட்டாரு."