உருமாறாத வட்டாரம்

2010-ஆம் ஆண்டில் உலகமே பன்றிக் காய்ச்சலைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தபோது, அந்த வைரஸை ஒழுக்கமாக நடந்துகொள்ளச் செய்த ஒரே அலுவலகம் திண்டிவனத்தில் இருந்தது. அதன் கண்காணிப்பாளர் நான். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம், கோப்பில் இருக்கிறது.

அலுவலகத்தின் பெயர் 'வைரஸ் உருமாற்றக் கண்காணிப்புப் பிரிவு'. பெயர்ப்பலகை வாசலைவிட நீளம் என்பதால் கடைசி மூன்று எழுத்துகள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. வேலை எளிது. காய்ச்சல்காரர்களின் தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, வாரம் பத்துக் குச்சி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, புது அவதாரம் எடுத்திருக்கிறதா என்று சொல்வார்கள். எடுத்திருந்தால், அகப்பட்ட ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிடுவார்கள்.

இந்தக் கடைசி விதியைப் படித்த அன்றுதான் எங்கள் பிரிவு அலுவலர் பாண்டுரங்கன் ஐயாவுக்கு ஞானம் பிறந்தது.

"'திண்டிவனம் வைரஸ்'னு அமெரிக்காக்காரன் படிப்பான். என் சர்வீஸ்ல அது நடக்கக் கூடாது. ரிடையர் ஆக பதினாலு மாசம்தான் இருக்கு."

"காய்ச்சல்காரங்க இருக்காங்களே, ஐயா."

"இருக்கட்டும். அவங்க தொண்டையை நாம ஏன் தொடணும்? குச்சிதானே கேக்கறாங்க. காய்ச்சல் இல்லாதவங்க யாரு இருக்காங்க, பாரு."

ஜீப் டிரைவர் சவுரிராயன் இருந்தார். கேப்பைக் கூழும் மல்லாட்டைக் கடலையும் தின்று வளர்ந்த உடம்பு. அவர் தும்மி யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமைதோறும் பத்து முறை வாயைத் திறப்பார். பத்துக் குச்சிக்கும் பத்து ஊர்க்காரர்களின் பெயரை முத்துமுத்தாக எழுதி நான் ஒட்டுவேன்.

"ஜல்தி முடிங்க சார், தாடை வலிக்குது" என்பார். மற்றபடி தியாகி. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

எட்டு மாதமும் ஒரே முடிவு: 'வைரஸ் இல்லை'. விழுப்புரத்தில் கூட்டம் போட்டு ஐயாவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். எனக்குச் சால்வை. கொஞ்சம் குத்தும், ஆனாலும் நியாயமான சால்வை.

இந்தச் சீரான நிர்வாகத்துக்குப் பேஜாரு கொடுத்தவர் ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராம நர்ஸ் வெனிலா. ஒருநாள் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார்.

"ஏழு பேரு சார், மூச்சு வாங்கிக்கினு கெடக்கறாங்க. போன வருசக் காய்ச்சல் மாதிரி இல்ல இது. வைரஸ் இருக்குனு ரிப்போர்ட் வந்தாத்தான் மாத்திரை குடுப்பாங்க. அனுப்புங்க சார்."

"படிவம் மூணு காப்பி வேணுமேம்மா."

"இருக்குதுங்க."

"நோயாளி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"எழுந்து நிக்கவே முடியலைங்க."

"அப்ப அவங்க விண்ணப்பிக்கிற நிலைமையில இல்லைனு ஆகுது."

பெட்டியைப் 'பரிசீலனை'யில் வைத்தோம். ஐஸ் உருகும்வரை பரிசீலித்தோம்.

வெனிலாவை ஊரில் இறக்கிவிடப் போன சவுரிராயன், அங்கே மோசமாக இருந்த நாலு பேரை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். அனுமதி பெறாத பயணம். மெமோ தயாரித்தேன், வாங்க அவர் வரவில்லை. மூன்றாம் நாள் அவருக்கே காய்ச்சல்.

வெனிலா மறுபடி வந்தார். கையில் ஒரே ஒரு குச்சி. "நம்ம டிரைவரு சார். இதையாவது அனுப்புங்க."

எனக்கு மனசு இளகிவிட்டது. அவரை வெளியே உட்காரவைத்து, குச்சியைக் கோப்போடு உள்ளே கொண்டுபோனேன். ஐயா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"காய்ச்சல் வந்தவன் குச்சியையா அனுப்பறது? எட்டு மாசப் பேரு என்னய்யா ஆகும்? நம்ம ஸ்டாஃப், அனுப்பாமயும் இருக்க முடியாது." சற்று யோசித்தார். "நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன், ஐயா."

"அப்ப வாயத் திற."

திறந்தேன். பெயரும் ஒட்டினேன்: சவுரிராயன், வயது நாற்பத்தொன்று.

பத்தாம் நாள் முடிவு வந்தது. 'வைரஸ் இல்லை.' அதற்குள் சவுரிராயனும் இல்லை. மாத்திரைக்குக் காத்திருந்து, அதற்கு முந்தின நாள்தான் போய்ச் சேர்ந்தார்.

அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினோம். முடிந்ததும் அவர் மனைவி பாக்கியமேரி அந்தக் காகிதத்தோடு என்னிடம் வந்தார்.

"அவரு தொண்டையில கிருமியே இல்லைனு போட்டிருக்காங்க சார். நெசமாங்க?"

"நெசந்தாம்மா. ஆய்வகம் பொய் சொல்லாது."

சொல்லவில்லைதான். எந்தத் தொண்டையில் எடுத்த குச்சியோ, அந்தத் தொண்டை இன்றுவரை பரிபூரண நலம். சற்றுமுன் இரங்கல் உரையைக்கூட அதுதான் கணீரென்று வாசித்தது.