குஞ்சம் கட்டிய துப்பாக்கி

மேனேஜர் இருந்தார். கணக்கர் இருந்தார், கையில் குடையோடு. கேன்டீன் ராணியக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே வந்து நின்றார். அவருடைய ஆடும் கூட வந்தது. காலை ஷிப்ட் ஆட்கள் இருந்தார்கள். நான் இருந்தேன். ஆலைக்குப் பின்னால் காலி நிலம். அங்கே கல்லின்மேல் ஒரு தார் டின். டின்னுக்கு எதிரே ஜிகினா நைனா, துப்பாக்கியோடு.

அவரைப் போல ஒரு வாட்ச்மேன் கும்மிடிப்பூண்டியில் இல்லை. அங்கிருந்து கல்கத்தா வரைக்கும் அந்த ரோட்டில் எங்கேயும் இல்லை. நானாகச் சொல்லவில்லை. அந்த ரோட்டில் ஓடிய லாரி டிரைவர்கள் சொன்னது.

இது எழுபதுகளில் நடந்தது. எங்களுடையது கம்பி இழுக்கிற ஆலை. நான் லேத் பார்த்தேன். நைனா பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். வாசல் காவலுக்கு வருமுன் பாதி வயசு லாரியில் கிளீனராகப் போனது. சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

துப்பாக்கி பழைய முதலாளி வாங்கியது. பழவேற்காட்டில் வாத்து சுட ஆசைப்பட்டாராம். வாத்துகள் ஒத்துழைக்கவில்லை. ஆலைக் காவலுக்கென்று லைசென்ஸை மாற்றி வாசலுக்குக் கொடுத்துவிட்டார். பம்ப் துப்பாக்கி. குழாய்க்கு அடியில் ஒரு கட்டை இருக்கும். அதைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் தோட்டா ஏறும். ஒரு தோட்டாவுக்குள் நிறையச் சின்ன ஈயக் குண்டுகள். இழுக்க வராவிட்டால் அது வெறும் இரும்புத் தடி.

நைனா கைக்கு வந்தபோது அது கறுப்பாக, மொழுக்கென்று இருந்தது. லாரிக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? முதலில் குழாய்க்குக் கீழே கறுப்புக் கம்பளிக் குஞ்சம் கட்டினார். அடுத்து, தோளில் வைக்கிற பின்கட்டையில் லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்புக் கண்ணாடி வில்லை. பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமாம். துப்பாக்கிக்குப் பின்னால் யார் வருவான் என்று கேட்டேன். யாராவது வருவான் என்றார். பக்கத்தில் சைக்கிள் கண்ணாடி. இரண்டு பக்கமும் பெயின்டில் கண், இமை மயிரோடு. பந்தை அமுக்கினால் கத்துகிற ஹார்ன் ஒன்றும் வந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு அதை அடிப்பார். ஆலைச் சங்கு அதற்குப் பிறகுதான் ஊதும்.

கடைசியாக என் லேத்துக்கு வந்தார். பழைய பித்தளை வால்வு ஒன்று கொண்டுவந்திருந்தார். அதைக் கடைந்து, இழுக்கிற முன்கட்டைக்கு வளையம் போட வேண்டும். எங்கேயோ வாங்கிய பித்தளைச் சிங்க மூஞ்சி ஒன்றையும் அதில் பொருத்த வேண்டும்.

"வளையம் போட்டா கட்டை பின்னால வராது நைனா" என்றேன்.

"எவ்ளோ வரும்?"

"பாதி."

"பாதி போதும்."

"பாதியில வெடிக்காது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாட்ச்மேன் துப்பாக்கி வெடிச்சா காவல் தோத்துப்போச்சுன்னு அர்த்தம்பா. பாத்ததும் திருடன் திரும்பிக்கினு போவணும். அதான் அதுக்கு வேலை."

வளையம் கடைந்து கொடுத்தேன்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. ஒரு மத்தியானம் பழைய கம்பி திருட ஒருவன் பின்மதில் ஏறினான். நைனா திரும்பி நின்றார். குஞ்சம் ஆடியது. வெயிலில் சிங்கம் மின்னியது. மதில்மேல் இருந்தவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போனான்.

தொல்லையும் இருந்தது. சரக்கு ஏற்ற வந்த லாரிகள் வாசலிலேயே நின்றுவிடும். டிரைவர்கள் இறங்கித் துப்பாக்கியைச் சுற்றிப் பார்ப்பார்கள். குஞ்சம் எங்கே வாங்கியது என்று விசாரிப்பார்கள். கணக்கர் இதை எழுதி மேலே அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். துப்பாக்கி என்றால் வெடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆயுத பூஜைக்கு மறுநாள் எல்லோர் முன்னாலும் சுட்டுக் காட்டச் சொன்னார். வெடிக்காவிட்டால் மெட்ராஸிலிருந்து புது ஆள் வருவான் என்றார்.

நைனா அன்றைக்கு ஹார்ன் அடிக்கவில்லை. என்னிடம் வந்து, "இந்த வயசுல எந்த லாரியில ஏத்திக்கினு போவான் என்னை?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

பூஜை அன்றைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. என் லேத்துக்கும் வைத்தோம். ஆனால் துப்பாக்கிக்கு வைத்ததுதான் அதிகம். மறுநாள் அதன் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நைனா கட்டை ஓடுகிற சந்துக்குள்ளும் சந்தனத்தை அப்பியிருந்தார். உள்ளே சாமி இல்லையா என்று கேட்டார். இருக்கலாம். ராத்திரியே சந்தனம் சிமென்டு மாதிரி காய்ந்துவிட்டது.

ஆகையால் தார் டின்னுக்கு எதிரே நின்று அவர் இழுத்தபோது பாதி வழியை வளையம் தடுத்தது. மீதிப் பாதியைச் சந்தனம் பிடித்துக்கொண்டது. கால் கொடுத்து இழுத்தார். ஹார்ன் கத்தியது. சிங்க மூஞ்சி கழன்று விழுந்தது. ஆடு நிதானமாக வந்து மாலையைத் தின்றது. சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

மேனேஜர் கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமை கடைசி. இதையெல்லாம் கழட்டிட்டுச் சுட்டுக் காட்டுங்க. முடியலேன்னா சாவியக் கொடுத்துடுங்க."

"மொட்டைத் துப்பாக்கியோட வாசல்ல நிக்க மாட்டேன் சார்" என்றார் நைனா. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார்.

ராணியக்கா கரண்டியால் அவர் கையைத் தடுத்தார். "அலங்காரம் துப்பாக்கிக்கு வாணாம்னுதான சொன்னாரு? உனுக்கு வாணாம்னாரா? எல்லாத்தயும் நீ மாட்டிக்க நைனா."

நைனா யோசித்தார். சாவியை மறுபடி செருகிக்கொண்டார்.

என் மேஜைமேல் வைத்துக் கழற்றினேன். கெரசின் போட்டுச் சந்தனத்தைக் கரைத்தேன். பிள்ளைக்கு மொட்டை அடிக்கும்போது தகப்பன் வேறு பக்கம் பார்ப்பான், அப்படி உட்கார்ந்திருந்தார். பெயின்டுக் கண்ணைத் துடைக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஆட்டைக் கட்டிப்போட்டிருந்தோம். நைனா வந்தார். பெல்ட்டில் சிங்கம், தலைப்பாகையில் குஞ்சம், முதுகில் சிவப்பு வில்லை, தோளில் கண்ணாடி, இடுப்பில் ஹார்ன், மணிக்கட்டில் என் வளையம். தேர் தனியாக நடந்து வந்த மாதிரி இருந்தது. கையில் கறுப்பாக ஒரு துப்பாக்கி. மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இதற்குத் தடை சொல்ல அவரிடம் சட்டம் எதுவும் இல்லை போலும்.

"சுடுங்க. டின்னுல படணும்" என்றார்.

நைனா கட்டையை இழுத்தார். சடக்கென்று வந்தது. அவரே திடுக்கிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டார். துப்பாக்கி உதைத்த உதையில் தரையில் உட்கார்ந்தார். ஹார்ன் நீளமாகக் கத்தி அடங்கியது.

டின் அசையவில்லை. பட்டதா இல்லையா, அங்கிருந்து தெரியவில்லை. நைனா உட்கார்ந்த இடத்திலேயே இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நான் போனேன். டின்னின் ஓரத்தில் கொஞ்சம் ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் விரல் வைத்து எண்ணினேன். வாசல்வரை கேட்கிற மாதிரி, தொண்டை கிழிய எண்ணினேன். ஆலையில் யாரும் அதுவரை என் குரலை அப்படிக் கேட்டதில்லை.

பதினொன்று.