மஞ்சள் லேபிள்

ஒரு விஷயம் தெரிந்திருப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை. அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாததில்தான் எல்லா ஆபத்தும். எனக்கு உட்காரத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு மைக் செட் கடையே கதியென்று கிடந்தேன். (வேலைக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.) கல்யாணம், காதுகுத்துக்குப் போகும் இசைத்தட்டுகளைத் துடைத்துத் துடைத்து, நடுவில் ஒட்டிய லேபிளைப் பார்த்தே அது எந்தக் காலத்தில் போட்ட தட்டு என்று சொல்லப் பழகிவிட்டேன். பாட்டு ஒன்றுதான். ஆனால் சிவப்பு லேபிளில் வெள்ளி எழுத்தென்றால் பழையது. கம்பெனி முத்திரை உச்சியிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, லேபிளும் மஞ்சளாகியிருந்தால் பிற்பாடு போட்டது. பக்கத்து டீக்கடைக்கு வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பிளந்த வாய்களை நம்பித்தான் கெட்டேன்.

அக்காவுக்கு மானாம்பதியில் ஒரு வரன் கூடி வந்தது. அம்மா, அப்பா, நான் மூவரும் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் நிச்சயம். முன்பே இரண்டு வரன் தட்டிப்போயிருந்ததால், "அங்க வந்து வாயத் தொறக்காத. குடுக்கறத துன்னுட்டு வா," என்று அம்மா என்னை எச்சரித்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா மனைவியை இழந்தவர். பஜ்ஜி கொடுத்த கையோடு ரெக்கார்டு பிளேயரைத் திறந்து ஒரு பக்திப் பாட்டைச் சுழலவிட்டார்.

"எங்க வூட்டுக்காரி காஞ்சிவரம் போயி அவ கையால வாங்கனது. அவ போயி பத்து வருசம் ஆவுது. வெள்ளிக்கெயமன்னா இத கேட்டுட்டுதான் நாஷ்டா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் லேபிளைப் பார்த்தேன். மஞ்சள்.

"இது அவங்க வாங்கனதா இருக்காது மாமா," என்றேன். "இந்த மஞ்ச லேபிள் வந்தே நாலஞ்சு வருசந்தான் ஆவுது. அப்பல்லாம் செவப்பு."

என் அப்பா இருமினார். அதை வெறும் இருமல் என்று நினைத்து, முத்திரை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதையும் விளக்கினேன்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "ஒடச்சிட்டேன் நைனா. பீரோவ நகத்தசொல்ல வியிந்துடுச்சி. மெட்ராசுல தேடிப் புடிச்சி அதே பாட்டா வாங்கியாந்து வெச்சேன். உன்னாண்ட சொல்ல மனசு வர்ல."

பாட்டு மட்டும் எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் பாடிக்கொண்டிருந்தது. பெரியவர் முள்ளைத் தூக்கி வைத்தார்.

"தெரியும்டா. அந்தத் தட்டு ஒரு எடத்துல சிக்கிக்கும், நான் எய்ந்து போயி தள்ளி வுடணும். இது சிக்கல. மொத வெள்ளிக்கெயமயே தெரிஞ்சிபோச்சி. மெனக்கெட்டு வாங்கியாந்துகிறான், கேட்டா புள்ள மனசு கஷ்டப்படும்னு வுட்டுட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "தம்பி இன்னா படிச்சிகீது?" என்று மட்டும் கேட்டார்.

"படிக்கலீங்க. அதான் பேஜாரு," என்றார் என் அப்பா.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட்தான் கேட்டாள்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட அக்கா அம்மாவிடம், "அவங்க சரின்னா அந்த வூட்டுக்கே குடுத்துடு. ஒடச்சத தெரிஞ்சும் கேக்காத மாமனாரு வேற எங்க கெடைப்பாரு? இவன மட்டும் கல்யாணத்தன்னிக்கு ரெக்கார்டு பக்கம் வுடாத," என்றாள். அவர்களும் சரியென்றார்கள். கல்யாணத்தில் என்னைத் தாம்பூலப் பையோடு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இன்றைக்கும் மானாம்பதி வீட்டில் எது உடைந்தாலும் அக்காவின் பேரப்பிள்ளைகள் முதலில் கேட்பது, "உத்திரமேரூர் தாத்தா கீறாரா?" என்றுதான். இருந்தால், நான் பஸ் ஏறும்வரை சேதி வெளியே வராது. அத்தனை பேரும் சிரிப்பார்கள். அன்றைய மாப்பிள்ளையான அக்கா வீட்டுக்காரரும் சிரிப்பார். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

போன மாதம் கிளம்பும்போது பையை எடுக்கக் குனிந்தேன். கட்டிலடியில் ஊறுகாய் ஜாடித் துண்டு ஒன்று. பையை மட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். வாசலைத் தாண்டியதும் உள்ளே ஒரு பொடிக்குரல் கேட்டது:

"பாக்கலடி."